விற்ற யுரேனியத்துக்கு யார் கணக்கு வைக்கிறார்கள்?

‘ஆஸ்திரேலியா தோண்டுகிற யுரேனியம் ஏறக்குறைய முழுவதும் வெளிநாட்டுக்குத்தான் போகிறது. மின்சாரத்துக்கு மட்டும் பயன்படுத்துவோம் என்று எழுதி வாங்கிக்கொண்டு விற்கிறார்கள். கப்பல் ஏறிய பிறகு அது குண்டுக்குப் போகவில்லை என்று அந்த அரசுக்கு எப்படித் தெரியும்? கையெழுத்துப் போட்ட காகிதம் தவிர வேறு ஏதாவது இருக்கிறதா?’ என்று கேட்டிருக்கிறீர்கள். இதற்குள் இரண்டு கேள்விகள் இருக்கின்றன. விற்ற பொருள் இன்று எங்கே, எந்த வடிவத்தில் இருக்கிறது என்று தெரிந்துகொள்ள வழி உண்டா என்பது ஒன்று. யாராவது வாக்கு மீறினால் தடுக்க முடியுமா என்பது இன்னொன்று. முதல் கேள்விக்கு என்னால் அழுத்தமாகப் பதில் சொல்ல முடியும். இரண்டாவதற்கு அவ்வளவு அழுத்தமாகச் சொல்ல முடியாது.

நான் ஐரோப்பாவில் ஓர் அணு எரிபொருள் ஆலையின் கணக்குப் பிரிவில் பதினேழு ஆண்டுகள் வேலை பார்த்தேன். பணக் கணக்கு இல்லை, யுரேனியக் கணக்கு. எந்தப் பெட்டியில் எத்தனை கிராம், எந்த நாட்டு நிபந்தனையோடு வந்தது, எங்கே போனது என்று எழுதுவதும், எழுதியது உண்மைதானா என்று எடைபோட்டுப் பார்ப்பதும்தான் வேலை. ஆஸ்திரேலியப் பொருளும் என் பதிவேடுகள் வழியாகப் போயிருக்கிறது. ஆயுதத் தொழில்நுட்பமும் வெளியுறவும் என் துறை இல்லை. அவை வரும் இடங்களில் செய்தி படிக்கிற ஒருவனாகத்தான் பேசுகிறேன்.

முதலில் ஒரு சொல் குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். இந்தத் துறையில் சேஃப்டி, செக்யூரிட்டி, சேஃப்கார்ட்ஸ் என்று மூன்று தனித்தனி வேலைகள் உண்டு. தமிழ்ச் செய்திகளில் மூன்றுமே ‘பாதுகாப்பு’ ஆகிவிடுகின்றன. உலை வெடிக்காமல், கதிர்வீச்சு கசியாமல் பார்ப்பது முதலாவது. திருடன் புகாமல் பார்ப்பது இரண்டாவது. மூன்றாவதுதான் நீங்கள் கேட்பது. அங்கே சந்தேகிக்கப்படுபவர் வெளியிலிருந்து வருகிற திருடர் இல்லை, பொருளுக்குச் சொந்தக்காரரான அரசேதான். மின்சாரத்துக்கு என்று வாங்கியதை அந்த அரசே எடுத்து ஆயுதத்துக்குத் திருப்புகிறதா என்று வெளியாள் ஒருவர் வந்து சரிபார்ப்பதற்குப் பெயர்தான் சேஃப்கார்ட்ஸ். இதை இனி ‘கண்காணிப்பு’ என்றே எழுதுகிறேன்.

வெறும் காகித வாக்குறுதி போதாது என்று உலகம் கற்றுக்கொண்டது இந்தியாவிடமிருந்துதான். 1956 இல் கனடா நமக்கு ஓர் ஆய்வு உலை தருவதாக ஒப்பந்தம் போட்டது. டிராம்பேயில் அமைந்த சைரஸ் உலை அதுதான். அந்த உலை ஓடத் தேவையான கனநீரை அமெரிக்கா கொடுத்தது. ‘அமைதிப் பணிகளுக்கு மட்டும்’ என்ற வாக்குறுதி இருந்தது, வந்து சரிபார்க்க ஏற்பாடு இல்லை. அந்த உலையில் உண்டான புளூட்டோனியம்தான் 18 மே 1974 அன்று பொக்ரானில் வெடித்தது. ‘இது அமைதிக்கான வெடிப்பு, ஆகவே ஒப்பந்த மீறல் இல்லை’ என்று இந்தியா சொன்னது. எழுதியிருந்த வார்த்தையை வைத்துப் பார்த்தால் அந்த வாதத்துக்கு இடம் இருந்தது. அதுதான் கனடாவை அதிகம் உலுக்கியிருக்க வேண்டும் என்று நினைக்கிறேன். அணுப்பொருள் விற்கும் நாடுகள் 1975 இல் லண்டனில் கூடிப் பேசத் தொடங்கியதும், பிறகு அது அணுப்பொருள் வழங்குவோர் குழு ஆனதும் இதன் விளைவுகள். ஆஸ்திரேலியா தன் விதிகளை எழுதியது இந்த அதிர்ச்சிக்குப் பிறகுதான். வடக்குப் பகுதியில் ரேஞ்சர் சுரங்கத்தைத் திறக்கலாமா என்று நீதிபதி ஃபாக்ஸ் தலைமையில் நடந்த விசாரணை, யுரேனிய ஏற்றுமதியால் ஆயுதப் பரவல் அபாயம் கூடும் என்று வெளிப்படையாகவே எச்சரித்தது. அதன்பின் மே 1977 இல் பிரதமர் மால்கம் ஃப்ரேசர் அறிவித்த கொள்கைதான் இன்றைக்கும் அடித்தளம்.

அந்த நிபந்தனைகளைச் சுருக்கமாகச் சொல்கிறேன். தனி ஒப்பந்தம் இல்லாத நாட்டுக்கு விற்பனை கிடையாது. வாங்குகிற நாட்டில் சர்வதேச அணுசக்தி முகமையின் கண்காணிப்பு இருக்க வேண்டும். எந்தக் காரணத்தாலாவது அந்தக் கண்காணிப்பு நின்றுபோனால், அதற்கு ஈடான மாற்று ஏற்பாட்டை அந்த நாடு ஏற்க வேண்டும். மூன்றாவது நாட்டுக்குக் கொடுக்க, 20 சதவீதமோ அதற்கு மேலோ செறிவூட்ட (அதாவது எளிதில் பிளக்கும் வகை யுரேனியத்தின் பங்கைக் கூட்ட), பயன்படுத்திய எரிபொருளைக் கரைத்துப் புளூட்டோனியத்தைப் பிரிக்க, இந்த மூன்றுக்கும் ஆஸ்திரேலியாவின் முன் அனுமதி வேண்டும். ‘ராணுவப் பயன்பாடு’ என்றால் என்ன என்பதையும் விரித்து எழுதியிருக்கிறார்கள். குண்டு மட்டும் இல்லை, எந்த அணு வெடிப்புக் கருவியும் கூடாது. போர்க்கப்பல், நீர்மூழ்கி எஞ்சினுக்கும் கூடாது. யுரேனிய உலோகத்தில் தோட்டாமுனை செய்யவும் கூடாது. ‘அமைதிக்கான வெடிப்பு’ என்று இனி யாரும் சொல்ல முடியாது. 1974 இல் திறந்திருந்த கதவு அது. அணு ஆயுதம் இல்லாத நாடுகளுக்கு 2005 முதல் இன்னொரு நிபந்தனையும் சேர்ந்தது, கூடுதல் நெறிமுறை. அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

சரி, இவை எல்லாமே காகிதம்தானே என்பீர்கள். பொருளோடு கூடவே போய்ப் பார்ப்போம். சுரங்கத்திலிருந்து கிளம்புவது யெல்லோகேக் என்ற தூள். பெயரில்தான் மஞ்சள். அதிக வெப்பத்தில் வறுத்தால் அது கரும்பச்சையாகத்தான் இருக்கும். 200 லிட்டர் இரும்புப் பீப்பாயில் அடைத்து, கன்டெய்னரில் ஏற்றி, அடிலெய்டு துறைமுகத்திலிருந்தோ டார்வினிலிருந்தோ அனுப்புகிறார்கள். ஒரு பீப்பாயில் சுமார் 400 கிலோ தூள் பிடிக்கும். அதில் யுரேனியம் மட்டும் 340 கிலோ போல வரும். முகமையின் கணக்கில், ஒரு குண்டுக்குப் போதுமான மூலப்பொருள் என்று எச்சரிக்கை மணி அடிக்கிற இயற்கை யுரேனிய அளவு 10 டன். அதாவது ஏறத்தாழ முப்பது பீப்பாய். ஒரு லாரியைப் பார்த்தால் எனக்கு அந்தக் கணக்குத்தான் முதலில் ஓடும்.

ஒவ்வொரு ஏற்றுமதிக்கும் அனுமதி வேண்டும். ஆஸ்திரேலிய அரசில் இதற்கென்றே ஓர் அலுவலகம் இருக்கிறது. ஆஸ்திரேலியக் கண்காணிப்பு மற்றும் பரவல் தடை அலுவலகம் என்று தமிழில் சொல்லலாம், அவர்கள் சுருக்கமாக ஆஸ்னோ என்பார்கள். 1987 இல் வந்த தனிச் சட்டத்தின் கீழ் இயங்குகிறது. சுரங்கம் அனுப்பிய எடையும் பிரான்சிலோ கனடாவிலோ அமெரிக்காவிலோ உள்ள மாற்று ஆலை (தூளை வாயுவாக மாற்றுகிற ஆலை) வாங்கிய எடையும் பொருந்த வேண்டும். கொஞ்சம் வித்தியாசம் எப்போதும் வரும். ஈரம், மாதிரி எடுத்த விதம், தராசு என்று காரணங்கள் இருக்கும். அந்த வித்தியாசமும் எழுதப்படும். வித்தியாசம் வருவதைவிட, வராமலே இருப்பதுதான் எங்களுக்குச் சந்தேகம் தரும். யாரோ எடைபோடாமல், வந்த சீட்டிலிருந்த எண்ணை அப்படியே எழுதியிருக்கிறார்கள் என்று அர்த்தம்.

இங்கே ஒரு மெல்லிய இடம் உண்டு. சர்வதேச முகமையின் முழுக் கண்காணிப்பு யெல்லோகேக்கில் தொடங்குவதில்லை. முகமையோடு நாடுகள் போடுகிற கண்காணிப்பு ஒப்பந்தத்தின் மாதிரியில் உள்ள 34 ஆவது பத்தியின்படி, இந்தக் கட்டத்தில் நாடுகள் ஏற்றுமதி, இறக்குமதி அளவைத் தெரிவித்தால் போதும். எரிபொருள் செய்யவோ செறிவூட்டவோ தக்க தூய்மைக்கு யுரேனியம் வந்த பிறகுதான் அளவீடு, முத்திரை, ஆய்வாளர் வருகை எல்லாம். பிற்காலத்தில் முகமை தன் விளக்கத்தை மாற்றி, அந்தத் தொடக்கப் புள்ளியை மாற்று ஆலைக்குள் இன்னும் கொஞ்சம் முன்னால் கொண்டுவந்தது. ஆனாலும் சுரங்க வாசலிலிருந்து ஆலை வாசல் வரையிலான பயணத்துக்கு விற்கும் நாட்டின் சொந்தக் கணக்குத்தான் காவல். ஆஸ்னோ போன்ற அலுவலகம் இல்லாத நாட்டில் இந்த இடைவெளி கவலைப்பட வேண்டியதுதான்.

அடுத்து எல்லோரையும் குழப்புகிற விஷயம். மாற்று ஆலைக்குள் போன பிறகு ஆஸ்திரேலிய யுரேனியம், கனடா யுரேனியம் என்று அணுக்களைப் பிரித்துப் பார்க்க முடியாது. எல்லாம் ஒரே தொட்டியில் கலந்துவிடும். அப்புறம் எந்தக் கணக்கை வைப்பது? எங்கள் ஊரில் பால் சொசைட்டி இருந்தது. காலையில் ஆளாளுக்குச் செம்பில் கொண்டுபோய் ஊற்றுவோம். அளந்து, கொழுப்புப் பார்த்து, அட்டையில் எழுதுவார்கள். பெரிய கேனில் விழுந்த பிறகு எங்கள் வீட்டு மாட்டுப் பால் எது என்று யாரும் தேடுவதில்லை. ஆனால் அட்டையில் உள்ள 3 லிட்டர் எங்களுடையது. யுரேனியத்துக்கும் இதே முறைதான், ஒரு படி கூடுதல் கண்டிப்போடு. கேனில் உள்ள பாலில் ஐந்தில் ஒரு பங்கு எங்களுடையது என்றால், அதிலிருந்து எடுக்கிற வெண்ணெயிலும் ஐந்தில் ஒரு பங்கு எங்களுடையது, மிஞ்சுகிற மோரிலும் ஐந்தில் ஒரு பங்கு எங்களுடையது. ‘வெண்ணெய் முழுதும் வேறு ஆளுடையது, உங்களுக்கு மோர்தான்’ என்று சொல்ல முடியாது.

எண்ணில் பார்த்தால் இப்படி: 100 டன் இயற்கை யுரேனியம் செறிவூட்டும் ஆலைக்குள் போகிறது, அதில் 20 டன் ஆஸ்திரேலியாவுடையது. 4 சதவீதம் செறிவூட்டினால் சுமார் 12 டன் எரிபொருள் தரப் பொருளும் 88 டன் மிச்சமும் வரும். அந்த 12 இல் இரண்டரை டன்னுக்குக் கொஞ்சம் குறைவாகவும், 88 இல் பதினேழரை டன் போலவும் ஆஸ்திரேலியாவின் நிபந்தனையைச் சுமந்துகொண்டே போகும். உலைக்குள் எரிந்து புளூட்டோனியம் உண்டானால் அதிலும் அதே விகிதம். இப்படி நிபந்தனை ஒட்டிய பொருளுக்குத்தான் ‘ஆஸ்திரேலியக் கடமைக்குட்பட்ட அணுப்பொருள்’ என்று பெயர். மார்ச் 2011 இல் ஃபுகுஷிமா விபத்து நடந்தபோது, அந்த உலைகளில் தங்கள் பொருள் இருந்தது என்று ஆஸ்னோ தலைவராக இருந்த ராபர்ட் ஃபிளாய்ட் அதே ஆண்டு நாடாளுமன்றக் குழுவிடம் உறுதிசெய்தார். அப்படிச் சொல்ல முடிந்ததே இந்தக் கணக்கினால்தான். வேறொரு கண்டத்தில் தோண்டியது எந்த உலையில் இருக்கிறது என்று ஏட்டைப் பார்த்துச் சொன்னார்கள்.

ஏட்டில் இருப்பது உண்மை என்று எப்படித் தெரியும்? என் ஆலையில் ஆண்டுக்கு ஒருமுறை எல்லாவற்றையும் நிறுத்திவிட்டு முழு இருப்புக் கணக்கு எடுப்போம். ஆய்வாளர்கள் இரண்டு தரப்பிலிருந்து வருவார்கள், ஐரோப்பிய அமைப்பான யூரட்டோமிலிருந்தும் வியன்னாவில் உள்ள முகமையிலிருந்தும். நாங்கள் கொடுக்கும் பட்டியலைப் பார்த்துத் தலையாட்டிவிட்டுப் போகிறவர்கள் இல்லை. பட்டியலிலிருந்து அவர்களாகச் சில எண்களைத் தேர்ந்தெடுப்பார்கள். அந்தப் பெட்டிகளை நாங்கள் கொண்டுவந்து தராசில் வைக்க வேண்டும். தராசு சரிதானா என்று பார்க்க அவர்களுடைய எடைக்கல்லை முதலில் வைப்பார்கள். பிறகு கையடக்கக் காமாக் கருவியைப் பெட்டியின் பக்கத்தில் வைத்துச் செறிவூட்டல் அளவைப் பார்ப்பார்கள். சிலவற்றிலிருந்து ஒரு சிட்டிகை எடுத்து ஆய்வகத்துக்கு அனுப்புவார்கள். மேஜை, கதவுப்பிடி, குழாய் மூட்டு என்று பஞ்சுத் துணியால் துடைத்தும் எடுத்துப்போவார்கள். ஏட்டில் சொல்லாத செறிவூட்டல் அந்த இடத்தில் நடந்திருந்தால் அதன் தூசு அந்தத் துணியில் தெரிந்துவிடும்.

ஓர் ஆண்டு ஏட்டுக்கும் எடைக்கும் 3 கிலோவுக்குக் கொஞ்சம் மேல் வித்தியாசம் வந்தது. சட்டப்படி அது பெரிய அளவே இல்லை, அளவீட்டுப் பிழைக்குள் அடங்கும் என்று எழுதி மூடியிருக்கலாம். வந்திருந்த ஆய்வாளர், ஐம்பது வயதிருக்கும் ஓர் அம்மா, ‘அடங்கும் என்பது சரி, எங்கே இருக்கிறது என்று சொல்லுங்கள்’ என்றார். நான்கு நாள் தேடினோம். கடைசியில் ஒரு காற்றுக் குழாயின் வளைவில் ஆண்டுக்கணக்காகப் படிந்த தூளாக அதில் பெரும்பகுதி கிடைத்தது. தூரிகையால் சுரண்டி, பையில் கட்டி, எடைபோட்டு, அந்த எண்ணை ஏட்டில் ஏற்றியதை அவர் நின்று பார்த்தார். அந்த அளவைக் கொண்டு யாரும் எதுவும் செய்திருக்க முடியாது. ஆனாலும் அந்த நான்கு நாள் வீண் என்று எனக்கு ஒருநாளும் தோன்றியதில்லை. ‘பிழைக்குள் அடங்கும்’ என்ற வார்த்தைக்குள் ஒளிய முடியாது என்று எங்கள் ஆலைக்கே அன்றுதான் தெரிந்தது.

கிளம்பும்போது சில பெட்டிகளுக்கு முத்திரை வைப்பார்கள். ரொம்ப எளிய பொருள்: நாணயம் அளவில் இரண்டு உலோக மூடிகள், நடுவில் ஒரு கம்பி. மூடியின் உட்புறத்தில் உள்ள கீறல்களை வியன்னாவிலேயே படம் பிடித்து வைத்திருப்பார்கள். கழற்றிய முத்திரை திரும்பிப் போனதும் அந்தக் கீறல்கள் ஒன்றோடொன்று பொருந்துகின்றனவா என்று பார்ப்பார்கள். திறந்துவிட்டு இன்னொன்றை ஒட்டிவிடலாம் என்றால் அந்தக் கீறல் வராது. இப்போது ஒளியிழை முத்திரைகளும், ஆய்வாளர் அங்கேயே சரிபார்க்கக்கூடிய புதுவகைகளும் வந்துவிட்டன. பயன்படுத்திய எரிபொருள் கிடக்கும் தண்ணீர்க் குளத்தின் மேல் கேமரா ஓடிக்கொண்டிருக்கும். உண்மையான எரிபொருள்தானா, வெறும் இரும்புத் தண்டா என்பதைத் தண்ணீருக்குள் தெரியும் நீல ஒளியை ஒரு சிறப்புக் கருவி வழியாகப் பார்த்தே சொல்லிவிடுவார்கள்.

ஆகவே இது எனக்கு உறுதி: முழுக் கண்காணிப்பில் உள்ள ஒரு நாட்டில், கணக்கில் ஏறிய பொருளிலிருந்து ஆயுதத்துக்குப் போதுமான அளவை எடுத்துவிட்டு, யாருக்கும் தெரியாமல் இருப்பது மிகமிகக் கடினம். பிரித்தெடுத்த புளூட்டோனியம் போன்ற நேரடி ஆயுதப்பொருள் என்றால் ஒரு மாதத்துக்குள்ளும், சாதாரண எரிபொருள் யுரேனியம் என்றால் ஓராண்டுக்குள்ளும் கண்டுபிடிப்பது என்பதுதான் முகமை வைத்திருக்கும் இலக்கு. கண்காணிப்பு என்பது பூட்டு இல்லை. பெட்டியைத் திறப்பதை அது தடுக்காது, திறந்ததைக் காட்டிக்கொடுக்கும். ‘தடுக்குமா’ என்று கேட்கிறவர்களுக்கு இந்தப் பதில் பிடிப்பதில்லை, ஆனால் உள்ளது இதுதான்.

கணக்கில் ஏறாத பொருள் பற்றி அவ்வளவு உறுதி இல்லை. ஈராக் இதைக் காட்டியது. ஆய்வாளர்கள் போய்ப் பார்த்த இடங்களில் கணக்கு சரியாகவே இருந்தது. 1991 போருக்குப் பிறகுதான் வேறு கட்டடங்களில் ரகசியமாகச் செறிவூட்டல் முயற்சி நடந்தது முழுதாக வெளியே வந்தது. அதிலிருந்து பிறந்ததுதான் 1997 இன் கூடுதல் நெறிமுறை. அறிவிக்காத இடங்களுக்கும் போகலாம், சுரங்கம் முதல் ஆராய்ச்சிக்கூடம் வரை விவரம் கேட்கலாம். அதை முதலில் நடைமுறைக்குக் கொண்டுவந்த நாடு ஆஸ்திரேலியாதான். தன்னிடம் பொருள் வாங்குகிறவர்களிடம் கேட்பதைத் தானே முதலில் செய்துகாட்டியது, அது நியாயமான வரிசை. இந்த நெறிமுறைக்குப் பலன் உண்டா என்றால் தென்கொரியாவைப் பாருங்கள். 2004 இல் அங்கே நெறிமுறை நடைமுறைக்கு வந்து, புது அறிவிப்புகளைத் தயாரிக்க வேண்டி வந்தபோது, தன் விஞ்ஞானிகள் 2000 இல் லேசர் மூலம் ரகசியமாக யுரேனியம் செறிவூட்டியதை அந்த நாடே ஒப்புக்கொண்டது. அளவு சுமார் 200 மில்லிகிராம்தான். இருந்தாலும் வெளியே வந்தது.

இன்னொரு பலவீனம், அணு ஆயுத நாடுகள். அமெரிக்கா, சீனா, பிரான்ஸ் போன்ற நாடுகளில் முகமையின் கண்காணிப்பு அவர்களாக முன்வந்து ஒப்புக்கொண்டது. அவர்கள் காட்டுகிற பட்டியலிலிருந்து முகமை சில இடங்களை மட்டும் தேர்ந்து பார்க்கும். எல்லாவற்றையும் பார்க்க அதற்கு ஆளும் இல்லை, பணமும் இல்லை. சீனாவோடு ஆஸ்திரேலியா 2006 இல் போட்ட ஒப்பந்தம் 2007 முதல் நடப்பில் இருக்கிறது. அங்கே போகும் பொருளைப் பொறுத்தவரை, அந்த நாடு அனுப்புகிற இருப்பு அறிக்கையும் அதை ஆஸ்னோ குறுக்குக் கேள்வி கேட்பதும்தான் பெருமளவு ஆதாரம். அந்த அறிக்கை பொய் என்று நான் சொல்லவில்லை. என் ஆலையில் அந்த அம்மா நான்கு நாள் நின்றது போல அங்கே எல்லா இடத்திலும் யாரும் நிற்பதில்லை என்று மட்டும் சொல்கிறேன்.

எந்தக் கணக்கும் எட்டாத இடம் ஒன்று உண்டு. அதற்குத்தான் நம் நாட்டைத் தொட்டுப் பேச வேண்டும். இந்தியா 2009 இல் முகமையோடு தனி ஒப்பந்தம் போட்டு, அன்றைய திட்டப்படி 22 உலைகளில் 14 ஐ 2014 க்குள் கண்காணிப்பின் கீழ் கொண்டுவந்தது. மற்ற 8 அதற்கு வெளியே. வெளிநாட்டு யுரேனியம் கண்காணிப்புக்குள் உள்ள உலைகளுக்கு மட்டுமே போக வேண்டும். அது போகிறதா என்று சரிபார்க்க முடியும், சரிபார்க்கவும்படுகிறது. ஆனால் 2008 வாக்கில் நம் உலைகள் யுரேனியத் தட்டுப்பாட்டால் பாதித் திறனில் ஓடிக்கொண்டிருந்தன. வெளியிலிருந்து எரிபொருள் வந்ததும், ஜாதுகுடா போன்ற சொந்தச் சுரங்கங்களின் யுரேனியத்தைக் கண்காணிப்புக்கு வெளியே உள்ள தேவைகளுக்கு ஒதுக்க முடியும். வீட்டுச் செலவுக்கு மகன் பணம் அனுப்பினால், அப்பாவின் பென்ஷன் வேறு செலவுக்கு மிஞ்சும் அல்லவா, அதே போல. மகன் அனுப்பிய பணம் அரிசிக்குத்தான் போனது என்பதும் உண்மை, வேறு செலவுக்கு இடம் கிடைத்தது என்பதும் உண்மை. இந்த வாதத்துக்கு யுரேனியக் கணக்கு எழுதுகிற யாரிடமும் பதில் இல்லை. அப்படி நடந்தது என்பதற்கு என்னிடம் ஆதாரமும் இல்லை. விற்கலாமா என்று முடிவெடுக்கிற அரசியல்வாதிகள் பதில் சொல்ல வேண்டிய கேள்வி இது.

ஆஸ்திரேலியாவில் அந்த விவாதம் நேர்மையாகவே நடந்தது. இந்தியா அணு ஆயுதப் பரவல் தடை ஒப்பந்தத்தில் சேராத நாடு என்பதால் நெடுங்காலம் விற்க மறுத்தார்கள். 2011 இறுதியில் ஆளும் தொழிற்கட்சி தன் கொள்கையை மாற்றியது. செப்டம்பர் 2014 இல் டெல்லியில் அன்றைய ஆஸ்திரேலியப் பிரதமர் டோனி அபட்டும் நரேந்திர மோடியும் ஒப்பந்தம் முடித்தார்கள். ஆஸ்னோவுக்கு இருபது ஆண்டுகளுக்கு மேல் தலைவராக இருந்த ஜான் கார்ல்சன், ஓய்வுக்குப் பிறகு நாடாளுமன்றக் குழுவிடம் எழுத்தில் எதிர்ப்புத் தெரிவித்தார். மற்ற நாடுகளிடம் கேட்கிற நிபந்தனைகள் இதில் தளர்ந்திருக்கின்றன, தங்கள் பொருள் எங்கே என்று தொடர்ந்து அறிவதற்கான ஏற்பாடு தெளிவாக இல்லை என்பது அவர் கவலை. குழுவும், ராணுவ வேலையும் மின்சார வேலையும் முழுதாகப் பிரிந்ததை முகமை உறுதிசெய்வது, சுதந்திரமான ஒழுங்குமுறை அமைப்பு போன்றவை நடந்த பிறகே விற்க வேண்டும் என்று பரிந்துரைத்தது. அரசு அதற்காகக் காத்திருக்கவில்லை, நவம்பர் 2015 இல் ஒப்பந்தம் நடைமுறைக்கு வந்தது. 2017 இல் சோதனைக்கென்று சிறிய அளவு அனுப்பியதாக அறிவித்தார்கள். என் கருத்தைக் கேட்டால், இந்த விஷயத்தில் கார்ல்சன் பக்கம்தான் நிற்பேன். இந்தியாவின் மேல் அவநம்பிக்கை என்பதால் இல்லை. விலக்குகள் ஏட்டில் ஒருமுறை ஏறினால், அடுத்து வாங்க வருகிறவரும் அதையே காட்டிக் கேட்பார்.

இனி உங்கள் இரண்டாவது கேள்வி. வாக்கு மீறினால் என்ன செய்ய முடியும்? விற்பனையை நிறுத்தலாம். செப்டம்பர் 2014 இல், உக்ரைன் விவகாரத்தில், ரஷ்யாவுக்கு யுரேனியம் விற்பதை ஆஸ்திரேலியா அப்படித்தான் நிறுத்தியது. விற்பனை நின்றாலும் ஏற்கெனவே போன பொருளின் மேல் உள்ள கடமைகள் தொடரும். அனுமதியை மறுக்கும் உரிமைக்கு எவ்வளவு பலம் என்பதை மகாராஷ்டிரத்தில் உள்ள தாராப்பூர் அணுமின் நிலையத்தில் பார்க்கலாம். 1963 ஒப்பந்தத்தின்படி அமெரிக்கா அந்த உலைகளுக்கு எரிபொருள் கொடுத்தது. 1978 இல் தன் சட்டத்தைக் கடுமையாக்கிய பிறகு கொடுக்கத் தயங்கி, கடைசியில் நிறுத்தியது. பிரான்ஸ் அந்த இடத்துக்கு வந்தது. பயன்படுத்திய எரிபொருளைப் பிரித்தெடுக்க இந்தியாவுக்கு உரிமை உண்டா என்ற சண்டை தீராமலே இழுத்தது, எரிபொருள் குளத்தில் பல பத்தாண்டு கிடந்தது. ஒப்பந்தத்தின் ஆயுள் 1993 இல் முடிந்த பிறகும் அது கண்காணிப்பிலேயே இருந்தது. எரிபொருளுக்கு வேறு ஆள் கிடைத்தார், ஆனால் பழைய நிபந்தனையை யாரும் கழற்றவில்லை. விற்ற நாட்டால் செய்ய முடிவது பெரும்பாலும் இவ்வளவுதான். குற்றத்தை உலகுக்கு அறிவிக்கலாம், உறவை முறிக்கலாம், பழைய பொருளைக் கட்டிப்போடலாம். போய்த் திரும்ப எடுத்துவர முடியாது. திருப்பிக் கேட்கும் உரிமை சில ஒப்பந்தங்களில் எழுதியிருந்தாலும், கதிர்வீசும் எரிபொருளைக் கப்பலேற்றித் திரும்பக் கொண்டுவர எந்த நாட்டு மக்களும் ஒப்புவார்கள் என்று நான் நினைக்கவில்லை.

தமிழ்நாட்டிலிருந்து கேட்கிறீர்கள் என்று உங்கள் எழுத்திலிருந்து ஊகிக்கிறேன். அப்படியானால் இந்த எல்லைக்கோடு உங்கள் மாநிலத்துக்குள்ளேயே ஓடுகிறது. கூடங்குளம் உலைகள் கண்காணிப்பின் கீழ் உள்ளவை, அங்கே முகமையின் ஆய்வாளர் வருவார். கல்பாக்கத்து மின் உலைகளும் வேக ஈனுலையும் அதற்கு வெளியே. இந்தியா ஏற்றுக்கொண்ட கூடுதல் நெறிமுறையும் மற்ற நாடுகளுடையதைவிட மிகச் சுருக்கமானது, பெரும்பாலும் ஏற்றுமதித் தகவலோடு நின்றுவிடுகிறது.

நீங்களே சரிபார்க்க ஒரு வழி உண்டு. ஆஸ்னோ ஆண்டுதோறும் நாடாளுமன்றத்தில் வைக்கும் அறிக்கையை யார் வேண்டுமானாலும் படிக்கலாம். உலகம் முழுக்கக் கிடக்கும் ஆஸ்திரேலியக் கடமைக்குட்பட்ட பொருள் வகைவாரியாக ஓர் அட்டவணையில் இருக்கும்: மிச்ச யுரேனியம், இயற்கை யுரேனியம், செறிவூட்டியது, எரிந்த எரிபொருளுக்குள் உள்ள புளூட்டோனியம், பிரித்தெடுத்த புளூட்டோனியம். பெரிய எண்களை விட்டுவிடுங்கள். கடைசி வகைதான் நேரடியாக ஆயுதத்துக்கு உதவக்கூடியது, அதில் 8 கிலோவே எச்சரிக்கை அளவு. ஐந்தாறு ஆண்டு அறிக்கைகளை எடுத்து அந்த ஒரு வரியை மட்டும் அடுத்தடுத்து எழுதிப் பாருங்கள். கூடியிருந்தால் எந்த நாட்டில் எந்த ஆலைக்கு அனுமதி கொடுத்தார்கள் என்று அதே அறிக்கையில் தேடுங்கள். அங்கே சொல்லவில்லை என்றால் அந்த அலுவலகத்துக்கே எழுதிக் கேளுங்கள்.